ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள்

பழைய புத்தகக் கடைக்காரனுக்கு ஆடி மாதம் ஆகவே ஆகாது. மலைப்பக்கமிருந்து அடிக்கிற காற்றில் வாசலில் அடுக்கியிருக்கிற புத்தகமெல்லாம் தானாகப் பக்கம் புரட்டிக்கொள்ளும். போதாததற்கு ஆடித்தபசுக் கூட்டம். சங்கரன்கோவிலுக்கு அத்தனை ஜனம் வந்தும் ஒருத்தன் புத்தகம் வாங்க மாட்டான். நிழலுக்கு ஒதுங்குவான், செருப்பைப் போட்டுவிட்டுப் போக இடம் கேட்பான், கைப்பிள்ளையை நான் கட்டி வைத்த கட்டின்மேல் உட்கார வைப்பான். நீங்கள் மார்கழியில் வந்தது நல்லதாகப் போயிற்று. இப்போது கடையில் ஈ, காக்கை கிடையாது. ஆர அமரப் பேசலாம்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இந்த நாற்காலியில் உட்காருங்கள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும், கை வலிக்காத அளவுக்கு நிதானமாகவே சொல்கிறேன். ஒன்றே ஒன்று. தகரப் பெட்டியைத் திறந்ததும் அவர் உங்கள் காதோடு, கிறுக்குப் பயலாக இருப்பான் போல என்று சொன்னது எனக்கும் கேட்டது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். மூக்காண்டி என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் யாரையும் கை நீட்டி அடித்தவன் இல்லை, குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவனும் இல்லை. இத்தனை வருஷம் ஒரு கிறுக்கன் கடை நடத்த முடியுமா என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பெட்டி நிறைய இருக்கிற இந்த ஒற்றை ஒற்றைத் தாள்கள் எதற்கு என்பது ஒன்று. ஆறுமுகத்தாய் அம்மாள் சாவதற்கு முன்னால் இந்தக் கடைக்கு வந்தாரா என்பது இன்னொன்று. ஆறுமுகத்தாய் அம்மாள் யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மருந்து என்று சொல்லிப் பெண்டாட்டிக்கு விஷம் கொடுத்தார் என்று மூன்று வருஷமாகப் பாளையங்கோட்டைச் சிறையில் கிடக்கிறாரே, நம் ஊர்க் கல்லூரித் தமிழ் விரிவுரையாளர் கோமதிசங்கர், அவருடைய மனைவி. அந்த அம்மாள் இங்கே வரவில்லை. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. இரண்டாவது கேள்வி அத்தோடு முடிந்தது. முதல் கேள்விக்கு வருகிறேன்.

தாள்களை அறுத்தது நான்தான். சவர பிளேடை நீளவாக்கில் பாதியாக ஒடித்துக்கொள்ள வேண்டும். தாள் முதுகோடு சேருகிற இடத்தில், ஒரு நெல் அகலம் விட்டு, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அந்த நெல் அகலம் விடாவிட்டால் அதோடு சேர்த்துத் தைத்த மறுபக்கத்துத் தாள் கொஞ்ச நாளில் கழன்று விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் அறுத்த எதிலும் தையல் தளர்ந்தது கிடையாது. நீங்கள் வேண்டுமானால் கல்லூரி நூலகத்தில் போய்ப் பாருங்கள்.

இந்தக் கடையில் என் தகப்பனார் மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்தார். ஊருக்கு வெளியே கல்லூரி வந்ததும் நான் வற்றலை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு மாறினேன். இப்போதும் மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய மூட்டை நெடி கிளம்பும். வருகிறவர்கள் தும்மிவிட்டு, புத்தகத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். படித்தவர்கள் இல்லையா, சரி என்று விட்டுவிடுவேன்.

படித்தவர்களைப் பற்றி எனக்கும் ஆரம்பத்தில் பெரிய எண்ணம் இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். கல்லூரி என்றால் சரஸ்வதி வாசம் செய்கிற இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்த அன்று மத்தியானமே பையன்கள் வந்து பாடப் புத்தகத்தை என் மேஜைமேல் வீசுவார்கள், தலைக்குமேல் இருந்த பாரத்தை இறக்குகிறவன் மாதிரி. வாத்தியார்கள் வந்து நின்றபடியே பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அடையாளத்துக்குப் பக்க முனையை மடக்கி வைத்துவிட்டுப் போவார்கள், மறுநாள் வந்து மீதியைப் படிக்க. வாங்க மாட்டார்கள். எச்சில் தொட்டுப் புரட்டுவார்கள். பல்குத்தக்கூட அட்டை நுனியைக் கிழித்த ஆள் உண்டு. அவரை இப்போது பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும்.

ஒரு வக்கீல் புது வீடு கட்டிக் கண்ணாடி பீரோ செய்தார். பீரோ தட்டின் நீளத்தை ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இந்த நீளத்துக்குத் தோல் அட்டை போட்ட புத்தகமாகக் கொடு என்றார். என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். சிவப்பு இருந்தால் தேவலை என்றார். அன்றைக்குத்தான் முதல் தாளை அறுத்தேன். அவருக்குக் கட்டிக் கொடுத்த சிவப்பு அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு தாள். அறுத்து எடுத்ததும் எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்வானேன்.

அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. ஆனால் வாய்க்கு வந்தபடி, கைக்கு வந்தபடி செய்யவில்லை. எனக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு தாள், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை விரிப்பேன். பெருவிரல் நிற்கிற தாள் எனக்கு. வாங்கிப் போகிறவன் உண்மையிலேயே படிக்கிறவனாக இருந்தால் அந்த இடத்தில் தட்டும். தட்டினால் திரும்பி வந்து, ஒரு பக்கம் இல்லையே என்று கேட்பான். கேட்டு வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் தாளை எடுத்துப் பசை தடவி ஒட்டிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிடுவேன். அதற்காகத்தான் எல்லாத் தாளையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கரையான் வராமல் வேப்பிலைகூடப் போட்டிருக்கிறேன் பாருங்கள். திருடனாக இருந்தால் இந்தப் பாடு படுவானா.

ஒருத்தரும் வரவில்லை ஐயா. ஒரே ஒருத்தர்கூட வரவில்லை. ஒரு தலைமையாசிரியர் துப்பறியும் கதை ஒன்று வாங்கிப் போனார். அதில் என் விரல் போய் நின்றது, கொலைகாரன் யார் என்று சொல்கிற தாளில். அப்புறம் ஒரு நாள் கோவில் வாசலில் பார்த்தபோது கதை எப்படி என்று விசாரித்தேன். பிரமாதம், முடிவுதான் ஆளை அசத்திவிட்டது என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கிற நூலகர் சுப்புலட்சுமி அம்மாள் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தார் என்றால் படித்து இல்லை. முத்திரை குத்துவதற்காகத் தாள்களை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். என்னிடம் வாங்கிய எல்லாவற்றிலும் ஒவ்வொன்று குறைந்திருக்கிறது. நேரே கடைக்கு வந்து என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பிரின்சிபாலிடம் போய், அவர் மூலமாக உங்களிடம் வந்து, அறுத்திருக்கிற விதம், பேப்பரில் வந்த கோமதிசங்கர் வழக்கில் காட்டிய புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரப் பெண்தான். ஊருக்கு வந்ததும் வராததுமாக இவ்வளவு பொல்லாப்பு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, கோமதிசங்கர். அவர் வாரத்தில் நான்கு நாளாவது கடைக்கு வருவார். டெர்லின் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. என்னை மூக்காண்டி என்று பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'வே, பழைய பேப்பர்' என்பார். கூட வருகிற பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

ஒரு வருஷம் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்குப் பழைய அச்சுப் புத்தகக் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார். என்னிடம் இருக்கிற நல்ல சரக்கையெல்லாம் கொடுக்க வேண்டும், என் பெயரை எழுதி வைத்து முன் வரிசையில் நாற்காலி போடுவதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். நான் விற்காமல் எனக்கென்று வைத்திருந்த புத்தகங்கள் கொஞ்சம் உண்டு. அவற்றில் ஒரு தாள்கூட நான் தொட்டதில்லை. சலவை வேட்டியில் பொதிந்து, சைக்கிளில் வைத்தால் குலுங்கும் என்று தலையிலேயே சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விழா அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேஜைமேல் என் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. மேலே பெரிய அட்டையில், தொகுப்பு: பேராசிரியர் கோமதிசங்கர் என்று வண்ண மையில் எழுதியிருந்தது. அவர் பேராசிரியரும் இல்லை, அது வேறு விஷயம். சிறப்பு விருந்தினர் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். இது எந்தக் காலத்து அச்சு என்று ஒரு புத்தகத்தைக் காட்டிக் கேட்டார். கோமதிசங்கருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார். "வே, இங்கன என்ன நிக்கீரு? காபி வந்துட்டான்னு போய்ப் பாரும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். காபி வந்திருந்தது. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தேன். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டார். புத்தகங்கள் திரும்பி வந்தபோது ஒன்றின் அட்டையில் டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி எப்போதும்போலச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அடுத்த சித்திரையில் அவர் வந்து, தோல் வியாதிக்கு மருந்து சொல்கிற பழைய சித்த வைத்தியப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார். பையன்கள் யாரும் கூட வரவில்லை. அவர் மனைவிக்குக் கையிலும் கழுத்திலும் படை வந்து செதில் செதிலாக உதிர்கிறதாம். நம் கோவில் புற்றுமண்ணைப் பூசிப் பார்த்தாயிற்று, மதுரை ஆஸ்பத்திரிக்கும் போயாயிற்று. வாசுதேவநல்லூரில் இருக்கிற மச்சினன்மார்கள், இவர் அந்த அம்மாளைத் தள்ளிவைத்துவிட்டு வேறு கட்டப்போகிறார் என்று பேசிக்கொண்டு திரிகிறார்களாம். "நாலு பேரு வந்தா முந்தானைக்குள்ள கையை மறைச்சிக்கிட்டு நிக்கா வே. எனக்குத் தாங்கல" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் குரல் இறங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. தேடித் தருகிறேன் என்று சொன்னேன்.

தேட வேண்டிய அவசியம் இல்லை, புத்தகம் கடையிலேயே இருந்தது. சிவகிரிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பழைய தாள் எடுக்கிற முகம்மது மைதீன் கொண்டுவந்து போட்டது. ஒரு வைத்தியர் செத்துப்போய், வீட்டைக் காலி செய்யும்போது அவருடைய சம்சாரம் கொடுத்ததாம். பாஷாண மருந்தெல்லாம் அதில் இருக்கிறது, தெரியாத ஆள் கையில் கொடுத்துவிடாதே என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொல்லி அனுப்பியதாக மைதீன் என்னிடம் சொன்னார். பாஷாணம் என்றால் உங்களுக்குத் தெரியும், கொடிய விஷம். முறைப்படி சுத்தி செய்து நஞ்சை எடுத்தால்தான் அது மருந்தாகும்.

இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. விரல் போன இடத்தில் அறுத்ததாகத்தான் உங்களிடம் சொல்லலாம் என்று காலையில் நினைத்தேன். ஏட்டையா இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதுவதைப் பார்த்தால் அதில் பொய்யைச் சேர்க்க மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் முழுக்கக் கடைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். புத்தகம் முழுவதும் பாட்டாக இருந்தது. பாட்டுக்கு எண் போடாத பழைய அச்சு. பக்க எண் இருந்த மூலைகளை எலி கடித்திருந்தது. ஆகவே நடுவில் ஒரு தாள் போனால் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. படைக்கு உள்ளுக்குச் சாப்பிடுகிற ஒரு பாஷாண மெழுகு சொல்லியிருந்தது. என்ன என்ன சரக்கு, எப்படி அரைப்பது என்பதெல்லாம் ஒரு பக்கத்தில். அந்தப் பக்கத்தின் கடைசி வரி, அரைத்து எடுத்து என்று நின்றது. அடுத்த தாளில் முன்பக்கம் முழுக்கப் பாஷாணத்தைச் சுத்தி செய்கிற முறை. பின்பக்கத்தில், அரிசி எடைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அளவு. அதன் கீழே, அளவு மீறினால் காண்கிற குறிகளும் அதற்கு முறிவு மருந்தும், அடியில் வேறொரு லேகியத்தின் ஆரம்பமும். அந்தத் தாளைத் தாண்டினால், உடம்புச் சூட்டுக்குக் கொடுக்கிற அந்தச் சாதாரணப் பச்சிலை லேகியத்தின் கடைசிப் பாட்டு. அது, சுண்டைக்காய் அளவு இருவேளை உண்ணத் தீரும் என்று ஆரம்பித்தது.

நடுவில் இருக்கிற அந்த ஒரு தாளை எடுத்துவிட்டால், அரைத்து எடுத்துச் சுண்டைக்காய் அளவு இருவேளை உண்ணத் தீரும் என்று பாட்டு ஒழுங்காக ஓடும். நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்று தடவை படித்துப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. இவ்வளவு பொருத்தமாக ஒரு தாள் எனக்கு வேறு எந்தப் புத்தகத்திலும் அகப்பட்டதில்லை.

நான் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதிவிட வேண்டாம். தமிழ் படித்தவர். பாட்டின் நடை அந்த வரியில் மாறுகிறது, மேலே மெழுகு என்றிருந்தது கீழே லேகியம் என்றாகிறது, இதெல்லாம் படிக்கிறவன் கண்ணில் பட வேண்டாமா. பட்டிருந்தால் வந்து கேட்டிருப்பார். கேட்டால் கொடுப்பதற்காக அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் போடாமல் மேஜை டிராயரிலேயே, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தேன்.

அவர் வந்து, நின்றவாக்கில் நாலு பக்கம் புரட்டினார். அந்தப் பாட்டையே என் எதிரில் ராகம் போட்டுப் படித்தார். "பாத்தீரா வே, நம்ம ஆளுக எவ்வளவு சுளுவாச் சொல்லி வச்சிருக்காங்க" என்றார். புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சரக்கெல்லாம் சேர்க்க அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆனியில் மருந்து கொடுத்தார். இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த அம்மாள் இறந்துபோனார். தூக்குவதற்கு முன்னால் மச்சினன்மார்கள் வந்து பாடையை நிறுத்தி, போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள். அப்போது நீங்கள் இந்த ஸ்டேஷனில் இல்லை. பாளையங்கோட்டையில் அறுத்துப் பார்த்ததில் பாஷாணம் என்று வந்தது.

திருநெல்வேலி கோர்ட்டில் சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன் என்று கோமதிசங்கர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சித்த வைத்தியரை வரவழைத்துப் புத்தகத்தைக் காட்டினார்கள். சுத்தியும் அளவும் முறிவும் சொல்லாமல் எந்த நூலும் இப்படி ஒரு மருந்தைச் சொல்லாது, இங்கே ஒரு தாள் அறுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் தடவிப் பார்த்துச் சொன்னார். பெண்டாட்டியைத் தீர்த்துக் கட்டிவிட்டுப் புத்தகத்தின்மேல் பழியைப் போடுவதற்காக இவரே அறுத்திருக்கிறார் என்றார் சர்க்கார் வக்கீல். என்னைக் கூண்டில் ஏற்றி, நீர் விற்கும்போது தாள் சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். என் கடையில் தாளை எண்ணிப் பார்க்காமல் ஒரு புத்தகமும் வெளியே போகாது என்று சொன்னேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. எது இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டாமா. வக்கீலுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கூண்டிலிருந்து இறங்கும்போது கோமதிசங்கர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் நம்பிவிட்டார். புத்தகம் முழுசாகத்தான் இருந்திருக்கிறது, தாமே எங்கேயோ தவற விட்டுவிட்டோம், தம் கவனக் குறைவால் அவள் போய்விட்டாள் என்று ஜெயிலில் பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாராம். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அப்பீல் செய்யவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை, உறவுக்காரர்கள்தான் பிடிவாதமாகக் கையெழுத்து வாங்கிச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது இந்த மாதம் விசாரணைக்கு வருகிறது என்றும், அந்தத் தாள் கிடைத்தால் அவர் வெளியே வந்துவிடுவார் என்றும் நீங்கள் சொல்கிறீர்கள். வரட்டும். அவர் உள்ளே இருப்பதில் எனக்கு என்ன லாபம். நல்ல வாடிக்கை ஒன்று போனதுதான் மிச்சம்.

இந்தாருங்கள். டிராயரிலிருந்து எடுத்து, கல்லாப் பெட்டிக்கு அடியில் இந்தக் காலண்டர் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தும்.

ஏட்டையா மைக்கூட்டை மூட வேண்டாம். இன்ஸ்பெக்டர் ஐயா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கோமதிசங்கருக்கு எதிர்வீட்டு மகபூப் பீவி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆறுமுகத்தாய் அம்மாளைப் பார்த்ததில்லை என்று நான் முதலில் சொன்னது சரியில்லை. ஒரு தடவை பார்த்தேன்.

மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாள் முற்பகலில் வந்தார். கோமதிசங்கர் கல்லூரிக்குப் போயிருந்த நேரம். படியேறவே கஷ்டப்பட்டார். அந்த ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. புத்தகத்தை விற்றவனுக்கு மருந்தும் தெரிந்திருக்கும் என்று அந்த அம்மாளுக்கு ஓர் எண்ணம், மருந்துக் கடையில் கேட்பதுபோல என்னிடம் கேட்க வந்திருந்தார்.

"வயித்துக்குள்ள நெருப்புக் கங்கை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார். "அவுககிட்டச் சொன்னா, நோய் இறங்குதுங்காக. மகபூப் பீவிதான், பழைய புத்தகம்னா பக்கம் கிக்கம் போயிருக்கும், குடுத்தவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வான்னா. அதுல ஏதும் விட்டுப் போயிருக்கா அண்ணாச்சி?"

டிராயர் பாதி திறந்திருந்தது. தாள் என் கைக்குக் கீழேதான் இருந்தது. முறிவு எழுதியிருக்கிற பக்கம் மேலே தெரிந்தது. அந்த அம்மாள் சொன்ன குறிகளெல்லாம் அதே வரிசையில் அதில் இருந்தன. முறிவுக்கு வேண்டிய சரக்கு இந்தத் தெருக் கோடி நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

கேட்டு வந்தால் கொடுப்பதாகச் சட்டம் வைத்திருந்தாயே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன், அவசரப்படவில்லை. அம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது என்றார். அப்படியானால் இது படித்துவிட்டுக் கேட்டது ஆகாது, வயிறு எரிந்ததால் கேட்டது. என் சட்டம் படிக்கிறவர்களுக்கு வைத்தது. ஒருத்தருக்காக வளைத்தால் அப்புறம் அது சட்டமா.

"ஒண்ணும் விட்டுப் போகலம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ரெண்டு வேளையும் விடாமச் சாப்பிடுங்க" என்று சொன்னேன்.

சரி அண்ணாச்சி, நீங்கள் சொன்ன பிறகுதான் நிம்மதியாக இருக்கிறது என்றார். படி இறங்கும்போது தள்ளாடினார். விழுந்து எங்கேயாவது அடிபட்டுக்கொள்ளப் போகிறாரே என்று, நான்தான் எழுந்து போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.